அழகுத் துணி ஏமாற்றும்! "அசிங்கத் துணி" ஜெயிக்கும்!
கலைடாஸ்கோப் போர்வைக்குத் துணி எடுக்கும் கதை

திருவிழாக் கடையில் விற்கும் அட்டைக் குழாயைப் பார்க்காதவர் உண்டா? உள்ளே மூன்று கண்ணாடிப் பட்டை. அடியில் நாலைந்து உடைந்த வளையல் துண்டு. கண்ணில் வைத்துத் திருப்பினால் பூ, கோலம், நட்சத்திரம் என்று மாறிக்கொண்டே இருக்கும்.

அதுதான் கலைடாஸ்கோப். 1816–ல் ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர் கண்டுபிடித்தது.

அந்த வித்தையை அப்படியே போர்வையில் காட்டுகிறார்கள், அமெரிக்கப் பெண்கள்! "குவில்ட்" என்பது அவர்கள் ஊர் ஒட்டுப் போர்வை. மேலே துண்டுத் துணிகளை இணைத்த மேல்பாகம். நடுவில் பஞ்சு. அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்து விடுவார்கள்.

எட்டுத் துண்டு

போர்வையில் கண்ணாடி ஏது? அதற்குப் பதில் ஒரே மாதிரி எட்டுத் துண்டு.

துணியில் ஒரு பூவின் மேல் முக்கோணமாக ஒரு துண்டு வெட்டுகிறார்கள். அதே பூ, அதே இலை அச்சு அசலாக வரும்படி இன்னும் ஏழு. முனை ஒவ்வொன்றும் 45 டிகிரி. எட்டையும் வட்டமாகச் சேர்த்தால் 360. துணியில் யாரும் வரையாத ஒரு கோலம் நடுவில் பிறந்து விடும்!

தையல் சுலபம். துணி எடுப்பதில்தான் வில்லங்கம்.

50 டாலர் போச்சு!

ஒரு பூ மறுபடி எத்தனை அங்குலம் தள்ளி வருகிறது என்று கரையோரமாக டேப் வைத்து அளக்க வேண்டும். 24 அங்குலம் என்றால், எட்டுத் தடவைக்கு 192 அங்குலம். 5 கெஜத்துக்கும் மேல்! 12 அங்குலம் என்றால் பாதி போதும்.

அமெரிக்காவில் நல்ல பருத்தி பிரிண்ட் இன்று கெஜம் 10 டாலருக்கு மேல். ஆக, 50 டாலருக்குக் குறையாது. அதை எட்டாகப் பிரித்து, பூவுக்கு மேல் பூ பொருந்த அடுக்கி, குண்டூசி குத்தி, எட்டையும் ஒரே வெட்டு!

வெட்டிய பிறகு "ஐயோ, இந்தத் துணி சரியில்லையே" என்றால் ஒட்டவா முடியும்?

எது தோற்கும்?

கடையில் விரித்ததும் மனசை அள்ளும் பொடிப்பூ, இதில் தோற்றுப் போகும். எங்கே வெட்டினாலும் ஒரே மாதிரிப் புள்ளிதான். வெறும் தரை அதிகமாக இருந்தால் பாதித் துண்டு காலி. பூவும் தரையும் ஒரே சாயலாக இருந்தால், தூரத்தில் பார்க்கும்போது எல்லாம் கலங்கிப் போகும்.

பெரிய பூ, வளைந்த கொடி, தரை தெரியாத நெருக்கம், இருட்டும் வெளிச்சமும் பளிச்சென்று பிரியும் நிறங்கள். ஜெயிப்பது இதுதான். சட்டை தைத்தால் ஊரே சிரிக்கும்! அதையே வெட்டிச் சேர்த்தால் வைரம் பதித்த மாதிரி இருக்கும்.

கண்ணாடி சோதனை

ஏமாறாமல் இருக்க ஒரு வழி உண்டு. இரண்டு சின்னக் கண்ணாடிகளை ஒரு ஓரத்தில் டேப் போட்டு ஒட்டி, புத்தகம் போலத் திறந்து, துணி மேல் 45 டிகிரியில் நிறுத்த வேண்டும். ஒரு துண்டு எட்டாகத் தெரியும். கடையிலேயே பார்த்து விடலாம்.

ஆனால் ஒன்று. கண்ணாடி இடம் வலம் மாற்றிக் காட்டும். துணி மாற்றாது. அதனால் தைத்த கோலம் காற்றாடி போல ஒரே பக்கமாகச் சுழலும்.

கண்ணாடியில் தெரிகிறபடியே வேண்டுமா? பட்டாம்பூச்சி போல இரண்டு பக்கமும் ஒத்திருக்கும் டிசைனாகப் பார்த்து எடுக்க வேண்டும். அதன் நடுக்கோடு முக்கோணத்தின் நடுவில் வருமாறு வெட்ட வேண்டும்.

அப்படி வெட்டிப் பேர் வாங்கியவர், நியூயார்க் பிராங்ஸ் பகுதியைச் சேர்ந்த பவுலா நாடல்ஸ்டெர்ன். 20 வருடத்துக்கு மேல் அவருடைய பட்டறை எது தெரியுமா? வீட்டுச் சமையலறையில் இருந்த 40 அங்குல வட்ட மேஜை! 2009–ல் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாட்டுப்புறக் கலை மியூசியம், அவருடைய கலைடாஸ்கோப் குவில்ட்டுகளுக்குத் தனிக் கண்காட்சியே நடத்தியது.

துணிக்கடையில் எல்லோரும் விரித்த துணியைப் பார்த்து மயங்குகிறார்கள். இந்தப் போர்வைக்காரர்கள் பார்ப்பது, இரண்டு கண்ணாடிக்கு நடுவில் மாட்டிய ஒரு துண்டு. அது அழகாக இருந்தால் போதும். மிச்சத் துணி எப்படி இருந்தால் என்ன?