கைப்பை பிள்ளைக்கு... காசு யாருடையது தெரியுமா?

ஒரு கைப்பை ஒரு நாட்டின் பிரதமரையே வீட்டுக்கு அனுப்பியது தெரியுமா? கட்டுக்கதை இல்லை! 2025 ஜூன் 3ஆம் திகதி, மொங்கோலியாவில் நடந்தது. பிரதமர் ஒயுன்-எர்தீனின் மகனுக்கு வயது 23. அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் இன்ஸ்டகிராமில் சில படங்களைப் போட்டார். தோளில் ஒரு கறுப்பு டியோர் பை, பக்கத்தில் கடைப் பைகள். அந்தப் படங்கள் போதும்! உலான்பாதர் நகரின் சுக்பாதர் சதுக்கத்தில் இளைஞர்கள் வாரக்கணக்கில் கூடினார்கள். அரச சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு இந்தப் பை எப்படிக் கட்டுப்படியானது என்று கேட்டார்கள். தவறு எதுவும் செய்யவில்லை என்றார் பிரதமர். நம்பிக்கை வாக்கெடுப்பு வந்தது. 126 ஆசனங்கள் கொண்ட பாராளுமன்றத்தில் 64 வாக்குகள் தேவை, கிடைத்தவை 44. பதவி போய்விட்டது!

மூன்று மாதம் கழித்து நேபாளம். அமைச்சர் வீட்டுப் பிள்ளை ஒருவர் லூயி விட்டோன், குச்சி, கார்ட்டியே பெட்டிகளை அடுக்கி நத்தார் மரம் போலக் கட்டி, பக்கத்தில் நின்று எடுத்த படம் நாடு முழுவதும் பரவியது. 2025 செப்டெம்பர் 9இல் அங்கேயும் பிரதமர் பதவி விலகினார். சமூக ஊடகத் தடை, ஊழல் என்று காரணங்கள் பல இருந்தன. ஆனாலும் அந்தப் பெட்டிகளை யாரும் மறக்கவில்லை.

யார் காசு? மொங்கோலியப் பிள்ளைகள் சதுக்கத்தில் நின்று கேட்ட இந்தக் கேள்வியைக் கிருலப்பனையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம் வீட்டுக் கூடத்திலேயே கேட்டுப் பார்க்கலாம். விடை மலைக்க வைக்கும்!

முதலில் வயதைப் பாருங்கள். இன்றைய தலைமுறை தன் முதல் ஆடம்பரப் பொருளை வாங்குவது எத்தனை வயதில் தெரியுமா? பதினைந்தில்! பெய்ன் என்ற உலக ஆலோசனை நிறுவனம் சொன்ன கணக்கு இது. அதற்கு முந்தைய தலைமுறை 18, 20 வயதில்தான் தொடங்கியது. பதினைந்து என்றால் நம் ஊரில் சாதாரண தரப் பரீட்சைக்குப் பாடமாக்கிக்கொண்டிருக்கும் வயது. சம்பளமும் இல்லை, வங்கி அட்டையும் இல்லை. அமெரிக்காவில் பைப்பர் சாண்ட்லர் என்ற நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை பதின்ம வயதினரின் செலவை விசாரித்து எழுதுகிறது. 2023 இலையுதிர்காலக் கணக்கில் ஒரு பிள்ளையின் வருடச் செலவு 2,316 டொலர். பெண்பிள்ளைகள் முதலிடம் கொடுத்த கைப்பை, கோச். இந்தச் செலவில் பாதிக்கு மேல் பெற்றோரின் பையிலிருந்து வருகிறது!

சரி, நம் பக்கம் வருவோம். கிருலப்பனையில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு, ஹைலெவல் வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில். பெரிய பிள்ளைக்குச் சாமத்திய வீடு நடந்தது. தாய்மாமன் சங்கிலி போட்டார், ஒன்றுவிட்ட மாமிமார் கவர் கொடுத்தார்கள். பாரிஸிலிருந்து வந்த சித்தி கொடுத்தது ஒரு பெட்டி. அதற்குள் தூசி படாமலிருக்கத் துணி உறை, உறைக்குள் கைப்பை. மண்டபத்தில் இருந்த பெட்டைகள் எல்லோரும் சங்கிலியை விட்டுவிட்டுப் பையைச் சுற்றி நின்றார்கள். அந்தச் சித்தி பாரிஸில் என்ன வேலை செய்கிறார் தெரியுமா? விடியற்காலையில் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் வேலை. முதல் மெட்ரோவைப் பிடித்துப் போய், ஊழியர்கள் வருவதற்கு முன் முடித்துவிட வேண்டும்.

இப்போது கணக்கைக் கேளுங்கள். பிரான்சில் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு 2025இல் கையில் கிடைத்தது மாதம் சுமார் 1,426 யூரோ. 2,600 யூரோ விலையுள்ள டியோர் பை ஒன்றை அவர் வாங்குவதென்றால், வாடகையும் கட்டாமல் சாப்பிடாமலும் கிட்டத்தட்ட இரண்டு மாதம் உழைக்க வேண்டும். அதே பை இலங்கைக் காசில் 9 இலட்சத்துக்கும் மேல். இங்கே 2026 ஜனவரி முதல் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். இரண்டரை வருடச் சம்பளம் முழுதாக ஒரு பைக்குள் போய்விடும்!

வெளிநாட்டில் உழைப்பவர்கள் 2024இல் இந்த நாட்டுக்கு அனுப்பிய பணம் ஏறக்குறைய 657 கோடி டொலர். 2022இல், கடன் கட்ட முடியாமல் நாடு கையை விரித்த அந்த வருடம், சொக்கலேற்றும் ஷம்புவும் வாசனைத் திரவியமும்கூட இறக்குமதித் தடைப் பட்டியலில் ஏறிய அந்த வருடம், எத்தனையோ வீட்டு அடுப்பை எரிய வைத்தது இந்தக் காசுதான். டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ஆன அந்தச் சில வாரங்களில், 1,000 டொலர்ப் பை ஒன்று கடைக் கண்ணாடியை விட்டு அசையாமலேயே ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கும் மேல் ஏறியது! அந்த வருடத்திலும் பைகள் வந்தன. பயணப்பெட்டியின் மேல்தட்டில் பனடோலும் பால்மாவும், அடியில் உடுப்புக்குள் சுற்றிய பை. சித்திமாரின் அன்பை நான் குறை சொல்ல மாட்டேன். பத்து வருடம் நேரில் பார்க்காத பிள்ளைக்கு எதைக் கொடுத்தால் ஈடாகும் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

அதே 2,600 யூரோ டியோர் பையைத் தைத்துக் கொடுத்த பட்டறைக்கு எவ்வளவு கிடைத்தது தெரியுமா? மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 53 யூரோ! இத்தாலியில் மிலான் நகர அரச வழக்குத் தொடுநர்கள் 2024இல் வெளிக்கொண்டுவந்த கணக்கு இது. தோல் விலை இதில் சேராது. வடிவமைப்பு, விளம்பரம், கடை வாடகை எல்லாம் வேறு. அதையெல்லாம் கூட்டிக் கழித்தாலும் 53 எங்கே, 2,600 எங்கே! மிலானைச் சுற்றியிருந்த துணை ஒப்பந்தப் பட்டறைகளில் ஆட்கள் வேலை செய்யும் இடத்திலேயே படுத்துறங்கியதையும், வேகமாக ஓட்டுவதற்காக இயந்திரங்களின் பாதுகாப்புக் கருவிகள் கழற்றப்பட்டிருந்ததையும் விசாரணை காட்டியது. அந்த ஜூன் மாதத்தில் டியோரின் உற்பத்திக் கிளையொன்றை நீதிமன்றம் தன் மேற்பார்வைக்குள் எடுத்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு அர்மானி: பட்டறைக்கு 93 யூரோ, அர்மானிக்குக் கைமாறும்போது 250, கடையில் 1,800! ஆகவே "யார் காசு" என்ற கேள்விக்கு இன்னொரு விடையும் உண்டு. மிலானில் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தூங்கியவரும் தன் பங்கைக் கட்டியிருக்கிறார்.

பதின்ம வயதினர் ஆசைப்படும் லூயி விட்டோனின் மண்ணிறப் பை தோலால் செய்ததல்ல, தெரியுமா? பருத்திக் கன்வஸ் துணிக்கு மேல் பிளாஸ்டிக் பூச்சு! கைப்பிடியும் ஓரமும் மட்டும்தான் பதனிட்ட மாட்டுத்தோல், அதுவும் மேற்பூச்சில்லாத வெளிர் தோல். வெயிலும் வியர்வையும் பட்டுப் பட்டுத் தேன் நிறமாகும். கொழும்பில் அது தேன் நிறத்தில் நிற்பதே கஷ்டம். அலுமாரிக்குள் ஒரு மழைக்காலம் இருந்தால் மடிப்புகளில் வெள்ளைப் பூஞ்சணம் பூக்கும். கிருலப்பனை வீட்டுப் பையை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். சிப்பின் பல்லில் பச்சை படிந்திருந்தது, கைப்பிடி தைத்த இடத்தில் மழைத்துளி விழுந்த வட்டக் கறைகள். பிள்ளை அதைப் பயத்தோடு தூக்குகிறாள்! பஸ்ஸில் கொண்டுபோவதில்லை, ரியூசனுக்குக் கொண்டுபோவதில்லை, கலியாண வீட்டில் கதிரையில்கூட வைப்பதில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள்.

லூயி விட்டோன் பையின் மேல் இருக்கும், பூவும் எழுத்தும் கலந்த கோலம் எதற்காக வந்தது தெரியுமா? போலிகளை ஒழிக்க! 1888இலேயே கட்டம் போட்ட துணியில் வணிகக்குறியை அச்சடித்துப் பார்த்தார்கள். அது போதாமல் 1896இல் ஜோர்ஜ் விட்டோன் இந்தக் கோலத்தைக் கொண்டுவந்தார். இன்று அதைவிட அதிகம் போலி செய்யப்படும் கோலம் வேறு உண்டா என்பதே சந்தேகம்! கிருலப்பனையில் 138ஆம் இலக்க பஸ் ஏறினால் புறக்கோட்டை. அங்கே நடைபாதையில் "மாஸ்டர் கொப்பி" வாங்கலாம். உலக வணிகத்தில் போலிப் பொருட்களின் பங்கு 2021இல் 46,700 கோடி டொலர் என்பது ஓஈசிடி அமைப்பின் மதிப்பீடு. நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. 2021 மார்ச் முதல் பைக்குள் அச்சிட்ட குறியீட்டை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத மைக்ரோசிப் ஒன்றை வைத்துத் தைக்கிறார்கள்.

புறக்கோட்டைக் கொப்பியைத் தோளில் போட்டுக்கொண்டு பாரிஸ் போகிறீர்களா? கவனம்! பிரெஞ்சுச் சட்டத்தில் போலிப் பொருளை வைத்திருப்பதே குற்றம். 3 வருடச் சிறை, 3 இலட்சம் யூரோ அபராதம் வரை இடமிருக்கிறது. இத்தாலியில் போலி வாங்கும் சுற்றுலாப் பயணிக்கே 7,000 யூரோ வரை அபராதம்!

இனி, என்னை மிகவும் தொட்ட செய்தி. 2023 ஜனவரியில் சிங்கப்பூரில் வாழும் 17 வயதுப் பிலிப்பைன்ஸ் பிள்ளை ஒருத்தி டிக்டொக்கில் ஒரு வீடியோ போட்டாள். அப்பா வாங்கித் தந்த சார்ள்ஸ் அன்ட் கீத் பை. தன்னுடைய முதல் ஆடம்பரப் பை என்று பூரித்துச் சொன்னாள். விலை 79.90 சிங்கப்பூர் டொலர், அன்றைய நம் காசில் 22,000 ரூபாய் அளவில். உடனே கேலி பாய்ந்தது: இதெல்லாம் ஆடம்பரமா என்று! அந்தப் பிள்ளை கண்ணீரோடு பதில் வீடியோ போட்டாள். கடையில் பாண் வாங்குவதே எங்களுக்கு ஆடம்பரமாக இருந்த காலம் உண்டு, இந்தப் பைக்காக அப்பா எவ்வளவு உழைத்தார் என்று எனக்குத் தெரியும் என்றாள். உலகமே திரும்பிப் பார்த்தது! 1996இல் சிங்கப்பூரில் ஒரு சின்னக் கடையோடு தொழிலைத் தொடங்கிய சார்ள்ஸ் வொங், கீத் வொங் சகோதரர்கள் அவளையும் அப்பாவையும் பகல் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். பிறகு நிறுவனத்தின் தூதுவர்களில் ஒருத்தியாகவும் ஆனாள். எனக்குப் பெரிதாகத் தெரிவது அதுவல்ல. 17 வயதில், தன் பைக்குக் காசு கட்டியவர் யார், அந்தக் காசு எப்படி வந்தது என்று அவளால் உலகத்துக்கே சொல்ல முடிந்ததே, அதுதான்! நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சித்தியின் முதல் மெட்ரோ தெரியும்?

அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. 1990களில் தோக்கியோவின் ஷிபுயா பகுதியில் பள்ளிச் சீருடையோடு பிரெஞ்சுப் பைகள் தோன்றத் தொடங்கின. கட்டிய காசு சில வேளைகளில் பெற்றோருடையதாக இருக்கவில்லை. நடுத்தர வயது ஆண்கள் காசும் பரிசும் கொடுத்துப் பள்ளி மாணவிகளின் "துணையை" வாங்கினார்கள். நாடே அதிர்ந்தது. 1999இல் சிறுவர் பாலியல் சுரண்டலுக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றினார்கள். தாய்மாரே, வீட்டில் யாரும் வாங்கிக் கொடுக்காத ஒரு பை பிள்ளையின் மேசையில் இருந்தால், அன்றிரவே, சத்தம் போடாமல், பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

இன்னும் கேளுங்கள்! மலேசியாவில் 2018இல் முன்னாள் பிரதமர் நஜிப்போடு தொடர்புடைய வீடுகளில் பொலிசார் எடுத்த கைப்பைகள் 567. அதில் 272 ஹேர்மெஸ்! ஹேர்மெஸின் முதல் பேர்க்கின் பை, நடிகை ஜேன் பேர்க்கினே பாவித்துப் பழசாக்கிய அந்தப் பை, 2025 ஜூலையில் பாரிஸ் ஏலத்தில் 86 இலட்சம் யூரோவுக்குப் போனது. லூயி விட்டோன், டியோர் எல்லாவற்றையும் சொந்தமாக வைத்திருக்கும் எல்விஎம்எச் குழுமத்தின் 2023 விற்பனை 8,620 கோடி யூரோ. அந்த வருடம் இலங்கை முழு நாட்டின் மொத்த உற்பத்தியைவிடப் பெரிய தொகை! நமக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரியில் 1978இல் திலீப் கபூர் தொடங்கிய ஹைடிசைன் தோல்பை நிறுவனத்தில் 2007இல் பங்கு வாங்கியதும் இதே குழுமத்தின் முதலீட்டுக் கிளைதான். தமிழ் பேசும் கைகள் தைத்த பை உலகம் முழுக்கப் போகிறது.

அந்தச் சாமத்திய வீட்டுச் சங்கிலி இருக்கிறதே, அதன் பாடு என்ன தெரியுமா? 2025 ஒக்டோபரில் உலகச் சந்தையில் தங்கம் ஒரு அவுன்ஸ் 4,000 டொலரைத் தாண்டியது! தாய்மாமன் போட்ட சங்கிலி அலுமாரிக்குள் இருந்தபடியே விலை ஏறியிருக்கிறது. அவசரத்துக்கு எந்த அடகுக் கடையிலும் அரை மணித்தியாலத்தில் காசு. பையைக் கொண்டுபோனால் எந்த அடகுக் கடைக்காரர் தொடுவார்? பல்கலைக்கழக அனுமதி கிடைத்த அன்று முற்பணம் கட்ட அந்த வீட்டார் எடுத்துப் போனது சங்கிலியைத்தான்.

கடைசியாக ஒன்று, பாரிஸ் போகும் பிள்ளைகளுக்கு உதவும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாழும் பயணி 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். அங்கேயே வாழும் சித்திக்குக் கிடைக்காது. அதற்குக் குறைந்தபட்ச வயது என்ன தெரியுமா? 16! சாதாரண தரம் எழுதி முடித்த பிள்ளை தன் சொந்தக் கடவுச்சீட்டைக் காட்டிப் படிவத்தில் கையெழுத்திடலாம். விமான நிலையத்தில் "பாப்லோ" என்று பெயரிட்ட இயந்திரம் நிற்கும், பயணப்பெட்டியைக் கொடுத்துவிடுவதற்கு முன்பே படிவத்தின் கோட்டுக்குறியை அதில் காட்டிவிட வேண்டும். சுங்க அதிகாரி பையைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும். பற்றுச்சீட்டும் கையில் இருக்கட்டும், விலை அதில்தான் எழுதியிருக்கும்.