கணினியே, உன் முகவரி என்ன?



வலைப்பின்னலில் சேர்ந்த ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் முகவரி உண்டு. இதுதான் ஐ.பி. முகவரி. 192.168.1.5 என்பது போல 4 எண்கள், நடுவில் புள்ளிகள். ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான் வரும். உலகத்துக்கு இது பத்தாது. அதனால் வீடு, பள்ளிகளில் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளையே எல்லா ஊரிலும் வைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு கணினியில் இருக்கும் பாடப் படத்தை இன்னொரு கணினியில் திறக்க வேண்டுமா? முதல் கணினியின் முகவரி சரியாகத் தெரிய வேண்டும். தப்பா குடுத்தா எத்தனை தடவை தட்டினாலும் திறக்காது. சரி, தாளில் எழுதி ஒட்டி வச்சா போதாதா? போதாது. ரௌட்டர் முகவரியை அவ்வப்போது மாற்றிக் கொடுக்கும். அதனால் கணினியிடமே கேட்க வேண்டும். அதற்கு உதவுவது பைத்தான் மொழி. கைடோ வான் ரோசம் என்பவர் 1991இல் இதை வெளியிட்டார்.

முதல் வழி: பைத்தானின் "சாக்கெட்" பகுதியில் கணினியின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயருக்கு உரிய முகவரியைக் கேட்பது. இது சுலபம். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்ஸ் வந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை வைத்து உருவாக்கியது அது. டெபியன் வகைக் கணினிகளில் பெரும்பாலும் 127.0.1.1 என்றே பதில் வரும். 127இல் தொடங்கினால் "நானேதான்" என்று அர்த்தம். "உன் வீடு எங்க?"ன்னு கேட்டா "எங்க வீட்லதான் இருக்கு"ன்னு சொல்ற மாதிரி! அடுத்த கணினிக்கு இதனால் பயனில்லை.

இரண்டாம் வழி: யு.டி.பி. சாக்கெட் ஒன்றைத் திறந்து, 8.8.8.8 போன்ற வெளி முகவரியோடு இணைக்கச் சொல்ல வேண்டும். பிறகு "நீ எந்த முகவரியில் இருந்து கிளம்புவாய்?" என்று கேட்க வேண்டும். இதில் ஒரு செய்திகூட வெளியே போகாது. ஏரியில் இருந்து கடலுக்குப் போகணும்னா, எந்தக் கரையில படகைத் தள்ளணும்னு முதல்ல முடிவு பண்ணுவாங்க இல்லையா? படகைத் தள்ளாமலே கரையின் பேரைச் சொல்லிடலாம். அதுபோலத்தான் இதுவும். வலைப்பின்னல் இணைப்பே இல்லை என்றால் மட்டும் பிழைச் செய்தி வரும்.

இப்படிக் கிடைப்பது பெரும்பாலும் உள்முகவரி. வெளியுலகத்துக்கு ரௌட்டரின் முகவரிதான் தெரியும். ஊருக்குள்ளே நமக்கு ஆளுக்கொரு பேர். பொன்னேரிக்குப் போனா எல்லாரும் "பழவேற்காட்டுக்காரங்க"தானே!

யோசியுங்கள்: 192.168.1.300 என்று ஒரு முகவரி இருக்க முடியுமா? விடை இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது!

– 9ஆம் வகுப்பு மாணவி, பசியாவரம்