ஈமேக்ஸின் முதல் வரி

ஒரு ஃபங்ஷன் இன்னொரு ஃபங்ஷனைச் செய்து தருகிறது. 'எண்' என்ற மாறியில் 5 வாங்கிக்கொண்டு, "எது வந்தாலும் அதோடு எண்ணைக் கூட்டு" என்று ஒரு குட்டி ஃபங்ஷனை அது திருப்பித் தரும். பிறகு அந்தக் குட்டிக்கு 10 கொடுத்தால் 15 வர வேண்டும். ஈமேக்ஸ் எடிட்டரின் மொழியான ஈலிஸ்ப்பில், பழைய முறைப்படி, 15 வராது. 'எண்' என்ற மாறிக்கு மதிப்பே இல்லை என்று பிழைச் செய்திதான் வரும். அழைக்கும் இடத்தில் அதே பெயரில் 100 இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பிழை எதுவும் காட்டாமல் 110 என்று விடை வந்து நிற்கும்.

இந்தப் பழைய முறைக்கு டைனமிக் ஸ்கோப் என்று பெயர். மாறியின் பெயர் வந்ததும், நிரல் ஓடும் அந்த நேரத்தில் அதற்குக் கடைசியாக வைக்கப்பட்ட மதிப்பு எதுவோ அதையே எடுத்துக்கொள்ளும். 5 வாங்கிய ஃபங்ஷன் வேலை முடித்ததுமே அந்த 5 போய்விடுகிறது.

இதற்கு மாற்றான லெக்சிகல் ஸ்கோப்பில் நிரல் எழுதப்பட்டிருக்கும் இடம்தான் கணக்கு. குட்டி ஃபங்ஷன் தான் பிறந்த இடத்தின் மாறிகளைக் கையோடு எடுத்துச் செல்கிறது. அந்தச் சேர்க்கைதான் க்ளோஷர். எம்.ஐ.டி.யில் சஸ்மனும் ஸ்டீலும் 1975-இல் வெளியிட்ட ஸ்கீம் மொழி, லிஸ்ப் குடும்பத்தில் இதை வேரூன்றச் செய்தது.

ஆனாலும் ஈமேக்ஸை உருவாக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் டைனமிக் ஸ்கோப்பையே விரும்பினார். 1981-இல் எழுதிய கட்டுரையில் அதற்காக வாதாடவும் செய்தார். அதில் நியாயம் இருந்தது. தேடும்போது பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டைப் பார்க்க வேண்டுமா என்பதை 'கேஸ்-ஃபோல்ட்-சர்ச்' என்ற மாறி முடிவு செய்கிறது. அதைச் சற்று நேரம் மாற்றி வைத்துவிட்டு ஒரு கட்டளையை அழைத்தால், உள்ளே எத்தனை அடுக்கு ஆழத்தில் தேடல் நடந்தாலும் மாற்றம் அங்கே போய்ச் சேரும். கட்டளை முடிந்ததும் பழைய மதிப்பு தானாகத் திரும்பிவிடும்.

2012-இல் வந்த ஈமேக்ஸ் 24 இரண்டையும் அரவணைத்தது. கோப்பின் முதல் வரியில் 'லெக்சிகல்-பைண்டிங்: டி' என்ற குறிப்பு இருந்தால் அந்தக் கோப்புக்கு மட்டும் புதிய விதி. 'டெஃப்வார்' மூலம் ஆரம்ப மதிப்புடன் அறிவித்த மாறிகள் அங்கேயும் டைனமிக்காகவே இருக்கும். குறிப்பு இல்லாத பழைய கோப்புகள் முன்போலவே ஓடின. இதனால் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த நிரல்களைக் கோப்பு கோப்பாக, சோதித்துப் பார்த்து மாற்ற முடிந்தது. 2025-இல் வெளியான ஈமேக்ஸ் 30-இன் கம்பைலர், முதல் வரியில் குறிப்பு இல்லாத கோப்பைக் கண்டால் எச்சரிக்கிறது.