மலைப் பிரயாணியின் பருப்பு மூட்டை

முதுகிலே மூட்டையைச் சுமந்து மலையேறுகிறவனுக்கு முதல் செங்குத்தான ஏற்றத்திலேயே ஒவ்வொரு பொருளின் எடையும் தெரிந்துவிடும். ஆகையால், காய்கறிகளையும் டப்பாவில் அடைத்த ஆகாரங்களையும் விலக்கிவிட்டு, நீரின் பாரமில்லாததும், வாரக்கணக்கில் கெடாததும், 100 கிராமிலே ஏறக்குறைய 24 கிராம் புரதத்தையும் 350 கலோரி அளவு சக்தியையும் அடக்கியிருப்பதுமான பாசிப்பருப்பை அவன் எடுத்துச் செல்வது மிகவும் விவேகமான காரியமாகும். அரிசியின் புரதத்தில் குறைவதைப் பருப்பும், பருப்பின் புரதத்தில் குறைவதை அரிசியும் நிரப்புகின்றன என்று ஆகார சாஸ்திரம் கூறுகிறது. பொங்கல் உண்டு வளர்ந்த நமக்கு அதன் பலன் நெடுங்காலமாகத் தெரிந்ததே.

ஆனால் பருப்பைத் தூக்கிச் செல்வதில் இல்லாத அபாயம், அதை வேகவைக்கும் நெருப்பைத் தூக்கிச் செல்வதில் இருக்கிறது. காட்டுக்குள் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டுவது பிரயாணியின் உரிமை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது உரிமையன்று. 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம், காப்புக் காடுகளில் வன அதிகாரி அனுமதித்த காலத்திலும் முறையிலும் அல்லாமல் நெருப்பு மூட்டுவதையும், நெருப்பைக் கொண்டு செல்வதையுங்கூடக் குற்றமாக விதித்திருக்கிறது. இதைச் சிலர் அதிகாரிகளின் கெடுபிடி என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். 2018 மார்ச் 11-ஆம் தேதி, தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், காய்ந்த புல் மண்டிய சரிவிலே பரவிய காட்டுத் தீ, மலையேறச் சென்ற இளைஞர்களையும் யுவதிகளையும் சூழ்ந்து இருபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை நினைக்கும்பொழுது, அப்படிச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கோடையில் புல் எவ்வளவு விரைவாகப் பற்றும், மேட்டை நோக்கித் தீ மனிதனைவிட எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைச் சமவெளியில் வாழும் நாம் அறிவதில்லை.

மலையடிவாரம் சேர்வதற்கு முன்பே, ரயிலிலும் இந்த விஷயம் நம்மைத் தொடர்கிறது. 2023 ஆகஸ்டு 26-ஆம் தேதி விடியற்காலையில், மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தியிருந்த யாத்திரிகர் பெட்டியொன்றில், சட்டவிரோதமாகக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரால் தீப்பிடித்து, வடநாட்டிலிருந்து வந்த ஒன்பது பேர் மாண்டார்கள். கையடக்கமான சிறு குப்பிதானே என்று மூட்டைக்குள் எரிவாயுவையோ மண்ணெண்ணெயையோ ஒளித்து ரயிலேறுகிறவருக்கு, 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்; அதனால் விளையும் நஷ்டத்துக்கு ஈடு செய்யும் பொறுப்பும் உண்டு.

ஆகவே நான் அன்பர்களுக்குச் சொல்லக்கூடிய உபாயம் ஒன்றே: பருப்புக்கு வேண்டிய நெருப்பை வீட்டிலேயே கொடுத்து முடித்துவிடுங்கள். வறுத்து அரைத்த பருப்புப் பொடியும், பொட்டுக்கடலை மாவும், கெட்டி அவலும் இருந்தால், ஆறவைத்த குடிநீரிலே அவலை ஊறவைத்துப் பொடியைக் கலந்து, அடுப்பில்லாமலே ஒரு வேளை ஆகாரத்தை முடித்துக்கொள்ளலாம். ஸ்ரீராமநவமியன்று பானகத்தோடு கையில் கிடைக்கும் வடைபருப்பு, அடுப்பையே அறியாத பருப்பு உணவல்லவா? பாசிப்பருப்பைச் சுத்தமான நீரில் ஊறவைத்து, உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து உடனே உண்பதற்குரியது அது. ஊறியதை மூட்டைக்குள் கட்டிக்கொண்டு பகலெல்லாம் நடப்பது மாத்திரம் கூடாது. சுடச்சுட வேண்டுமென்பவர்கள், குழைய வேகவைத்த பருப்பைத் தாம்பாளத்தில் மெல்லியதாகப் பரப்பி, நல்ல வெயிலில் கையால் நொறுங்கும்வரை காயவைத்து எடுத்துச் சென்றால், வழியிலுள்ள ஒரு தேநீர்க் கடையில் வாங்கிய வெந்நீரே போதும். பத்து நிமிஷத்தில் பருப்பு இளகிவிடும். அந்திக்குள் காயாமல் ஈரம் நின்றுவிட்டதாயின், அதைச் சேமிக்காமல் அன்றே வீட்டில் உண்டுவிட வேண்டும்.

அடுப்புக்கு அனுமதியுள்ள முகாம்களிலும் சில விஷயங்களை அறிந்துகொள்வது அவசியம். உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைந்து, நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் அது சுமார் 92 அல்லது 93 பாகையிலேயே நிகழ்வதால், தளதளவென்று கொதித்தாலும் துவரம்பருப்பு வேக நெடுநேரம் பிடிக்கும்; எரிபொருள்தான் வீணாகும். உடைத்த பாசிப்பருப்பும் மைசூர்ப் பருப்புமே மலைக்கு ஏற்றவை. அவற்றை ஊறவைத்து, ஒரு கொதி வந்ததும் பாத்திரத்தை மூடிக் கம்பளியில் சுற்றி அரைமணி நேரம் வைத்தால் தாமே வெந்துவிடும்; புளியையும் தக்காளியையும் வெந்த பிறகே சேர்க்க வேண்டும். ராஜ்மா எனப்படும் சிவப்புப் பயற்றை மலைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். அரைவேக்காட்டில் அதிலுள்ள நச்சுப் பொருள் அழியாமல் நின்று, சில மணி நேரத்திற்குள் கடுமையான வாந்தியை உண்டாக்கும். ஓடை நீரை 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிஷமாவது கொதிக்கவிட்டே பருக வேண்டும். மழைக்கும் குளிருக்கும் அஞ்சி, கூடாரத்துக்குள் அடுப்பைக் கொண்டுவருவது எல்லாவற்றிலும் கொடிய தவறாகும். நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு என்ற வாயு, தலைவலியும் குமட்டலுமாகத் தொடங்கி, உறக்கத்திலேயே உயிரைக் கவர்ந்துவிடும். அந்த அறிகுறி கண்டவரை அக்கணமே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, வைத்திய உதவியை நாட வேண்டும்.

நெருப்பின்மீது நமக்கு உரிமை இல்லையென்றால், பருப்பின் தூய்மையின்மீது நமக்குப் பூரணமான உரிமை உண்டு. துவரம்பருப்போடும் கடலைப்பருப்போடும் கலப்படம் செய்யப்படும் கேசரிப் பருப்பு, நெடுநாள் உண்டவர்களின் கால்களை முடமாக்கக்கூடியது. அதன் விற்பனை விதிகளால் தடைசெய்யப்பட்டிருக்கிறது. உருண்டையான துவரைக்கிடையே கோடாலி முனைபோல் சரிந்த பருப்புகள் தென்பட்டால் சந்தேகிக்க வேண்டும். நீரிலே போட்டவுடன் மஞ்சள் நிறம் பிரிந்து வருமானால், சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அவ்வாறு ஐயம் எழுந்தால் பருப்பை எறிந்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கும்பொழுதே விற்பவரிடம் அறிவித்துவிட்டு, கட்டணம் செலுத்தி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் மாதிரியைப் பரிசோதிக்கச் செய்யும் உரிமை சாமானிய மனிதருக்கும் உண்டு. குற்றம் நிரூபணமானால் அக்கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

ஆகாரமும் சேர்த்துப் பணம் பெற்று மலைக்கு அழைத்துச் செல்லும் நிறுவனத்தாருக்கும் இந்தச் சட்டம் பொருந்துவதாகையால், புறப்படுவதற்கு முன் அவர்களுடைய உணவு உரிமத்தைக் காட்டும்படி கேட்பதில் கூச்சமே வேண்டாம். அவர்கள் இட்ட ஆகாரத்தால் நோயுற்றவர், பணம் கட்டிய ரசீதையும், வைத்தியரின் சீட்டையும், உடன் வந்தவர்களின் பெயர்களையும் பத்திரப்படுத்திக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். பயனில்லாவிடில், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்ச ரூபாய்க்கு மேற்படாதவரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் தாமே நின்று வாதாடவும் இடமுண்டு.