ஓலைக்கு முன்னால் வரும் கேள்விகள்

தாம்பரத்தை அடுத்த சேலையூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தங்கை, வீடியோ காலில் டாரோ சீட்டு பார்த்துச் சொல்லும் ஒருவருக்கு மாதாமாதம் பணம் கட்டி வருகிறாராம். "நான் வாயையே திறக்கலைக்கா, எல்லாத்தையும் அவங்களேதான் சொன்னாங்க" என்கிறாராம் தங்கை. இது திறமையா மோசடியா, சொல்கிறவர் தெரிந்தேதான் ஏமாற்றுகிறாரா என்பது வாசகியின் கேள்வி.

டாரோவின் பூர்வீகத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மொத்தம் 78 சீட்டுகள். 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வெறும் சீட்டாட்டமாகத் தொடங்கியது. குறி பார்க்கும் பழக்கம் அதற்கு முந்நூறு ஆண்டுகள் கழித்துத்தான் பரவியது. சீட்டோ சோழியோ கிளியோ கைரேகையோ, எதைக் கையில் எடுத்தாலும் உள்ளே ஓடும் வித்தை ஒன்றுதான். முன்பின் தெரியாத ஒருவரின் உடை, பேச்சு, முகம், தயக்கம் எல்லாவற்றையும் கவனித்து, அவரையே பேசவைத்து, அவரைப் பற்றி அவருக்கே சொல்வது. மேஜிக் நிபுணர்கள் இதை கோல்ட் ரீடிங் என்பார்கள். ஆளைப் பற்றி முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொண்டு சொன்னால் அது ஹாட் ரீடிங். இன்ஸ்டாகிராம் வந்த பிறகு இரண்டாவது மிகவும் சுலபமாகிவிட்டது.

இந்த வித்தையின் மிக நுட்பமான வடிவம் எது என்று என்னைக் கேட்டால், நாடி ஜோதிடத்தைத்தான் சொல்வேன். அதைப் பார்க்கத் தாம்பரத்துக்காரர்கள் நாடிக்குப் பேர்போன வைத்தீஸ்வரன்கோயில் வரை போகத் தேவையில்லை. அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய பலகைகளை இங்கேயே பார்க்கலாம்.

நடைமுறை பலருக்கும் தெரிந்ததுதான். ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது கட்டைவிரல் ரேகை. அதை வைத்து ஒரு ஓலைக்கட்டு எடுத்து வருவார்கள். அகத்தியரோ வசிஷ்டரோ நம் ஒவ்வொருவருக்கும் முன்பே எழுதி வைத்த ஓலை அதில் இருக்கும் என்பது நம்பிக்கை. அதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு ஓலையாகப் புரட்டி வாசிப்பவர் கேட்பார்: "கூடப் பிறந்தவர்களில் மூத்தவர் நீங்களா? தந்தையார் பெயர் ககர வரிசையில் ஆரம்பிக்குமா? தாயார் பெயர் அம்மன் பெயரா?" நாம் ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டும். இல்லை என்றால் அந்த ஓலை தள்ளுபடி, அடுத்தது. எல்லாவற்றுக்கும் ஆமாம் வருகிற ஓலை கிடைத்ததும், அப்பா பெயர், அம்மா பெயர், நம் பெயர் எல்லாம் பாட்டாக வரும். கேட்பவருக்கு மயிர்க்கூச்செறியும்.

இங்கே நின்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் எழுத்து அட்டவணையில் உயிர்மெய் 216. ஒவ்வொரு கேள்வியும் அதைப் பாதியாக வெட்டினால், எட்டே கேள்விகளில் எந்த எழுத்தையும் பிடித்துவிடலாம். முதலில் வரிசை, பிறகு அந்த வரிசையில் எந்த உயிர். ஙகரத்திலும் ழகரத்திலும் தொடங்கும் பெயர் கிடையாது என்பதால் சில சமயம் எட்டு கூடத் தேவைப்படாது. சிவன் பெயரா, பெருமாள் பெயரா, முருகன் பெயரா என்று ஒரு கேள்வி கேட்டால் பெயர்களின் பெருங்கூட்டம் ஒரே வீச்சில் சுருங்கும். நெற்றியில் திருநீறு இருந்தால் அதையும் கேட்க வேண்டாம். மு, ரு என்று இரண்டு எழுத்து வந்துவிட்டால் மூன்றாவதைக் கேட்பானேன்? இருபது கேள்விகளுக்கு ஆமாம், இல்லை என்று பதில் சொன்னால், 10,48,576 சாத்தியங்களிலிருந்து ஒன்றைத் தனியே பிரித்தெடுக்க அதுவே போதும். தேடல் ஒரு மணி நேரம் நீண்டால் கேள்விகள் இருபதோடு நிற்பதில்லை.

இந்த ஏற்பாட்டில் என்னைப் பெரிதும் வியக்கவைப்பது வேறொன்று. கிளி ஜோசியரோ டாரோக்காரரோ தவறாகச் சொன்னால் அது தவறு என்று தெரிந்துவிடும். எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும். நாடியில் தவறு என்று ஒன்று கிடையாது. "அப்போ இது உங்க ஓலை இல்லை" என்றால் முடிந்தது. முப்பது இல்லைகள் வந்தாலும் அவை வேறு முப்பது பேருடைய ஓலைகள். ஒவ்வொரு இல்லையும் வாசிப்பவருக்கு ஒரு தகவல். கேட்பவருக்கோ அது தேடலின் ஒரு படி. பிழையே பிழையைத் துடைத்துவிடும் இப்படி ஓர் அமைப்பை வேறெந்தக் குறியிலும் நான் கண்டதில்லை. வீடு திரும்பியவர்களிடம் கேட்டால், "அப்பா பேரை அப்படியே சொன்னாங்க" என்பார்கள். அதற்கு முன் தாங்கள் சொன்ன ஆமாம்களும் இல்லைகளும் நினைவில் தங்குவதில்லை. கையில் தரும் ஒலிப்பதிவிலும் பெரும்பாலும் இருப்பது ஓலை கிடைத்த பிறகு வாசிக்கும் பகுதிதான்.

என் அம்மாவுடன் தி.நகர் ஜவுளிக்கடைக்குப் போகும்போதெல்லாம் இதே வித்தையைப் பார்த்திருக்கிறேன். விற்பவர் என்ன விலையில் வேண்டும் என்று கேட்கமாட்டார். பத்துப் புடவையை உதறிப் போடுவார். அம்மாவின் விரல் எந்த முந்தானையில் ஒரு கணம் கூடுதலாக நிற்கிறது என்று பார்ப்பார். அடுத்த பத்தும் அதே சாயலில் வரும். அரை மணியில் அம்மா மனதில் இருந்த புடவை விரிப்பில் இருக்கும். "உங்களுக்கு இதுதான் பிடிக்கும்னு பாத்ததுமே தெரிஞ்சுதுங்கம்மா" என்பார். அதில் கெட்டுப்போனது எதுவுமில்லை. புடவை அம்மாவின் விருப்பப்படிதான் வந்தது, அது அம்மாவுக்கும் தெரியும்.

இந்த நுட்பம் நம் மண்ணுக்குப் புதிதல்ல. குறுந்தொகையின் 23ஆம் பாட்டு ஔவையாருடையது. மகள் மெலிந்துபோனாள் என்று குறி சொல்லும் அகவன் மகளை அழைத்திருக்கிறார்கள். அவள் மலைகளைப் பாடிக்கொண்டே வருகிறாள். ஒரு மலையின் பெயர் வந்ததும் தோழி குறுக்கிட்டு, அவருடைய குன்றத்தைப் பாடினாயே, அதையே இன்னும் பாடு என்கிறாள். எந்த மலைக்காரன்மேல் பெண்ணுக்குக் காதல் என்ற சேதி அங்கே வெளியாகிவிட்டது. சொன்னவள் குறிகாரி இல்லை, தோழி. சேதி எப்போதும் கேட்கும் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்பதை ஔவையார் எவ்வளவு துல்லியமாகக் கவனித்திருக்கிறார்!

சொல்கிறவர் தெரிந்தே ஏமாற்றுகிறாரா? பெரும்பாலும் இல்லை என்பதே என் எண்ணம். அமெரிக்க உளவியலாளர் ரே ஹைமன் இளவயதில் கைரேகை பார்த்துச் சம்பாதித்தவர். தான் சொல்வது பலிப்பதைப் பார்த்து அவரே ரேகை சாஸ்திரத்தை நம்பத் தொடங்கிவிட்டார். ஸ்டான்லி ஜாக்ஸ் என்ற மேஜிக் நிபுணர் ஒரு யோசனை சொன்னார்: ரேகை சொல்வதற்கு நேர் எதிராகச் சொல்லிப் பார். ஹைமன் அப்படியே செய்தார். வந்தவர்கள் முன்னைப் போலவே, அத்தனையும் உண்மை என்று தலையாட்டினார்கள். ரேகையில் எதுவும் இல்லை என்பது அன்றுதான் அவருக்கு உறைத்தது. பிறகு 1977இல் இந்த வித்தையின் உள்விவரங்களை விளக்கிக் கட்டுரை எழுதினார்.

தலையாட்டுவது நம் சுபாவம். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கும் 'உன் குணநலன்' என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நான்குக்கு மேல். எல்லோருக்கும் தரப்பட்டது ஒரே வாசகம். பெட்டிக்கடை ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

எதிரே தலையாட்ட ஆள் இல்லாவிட்டால்? வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் 2008இல் புனேயில் ஒரு சோதனை நடத்தினார். படிப்பில் சிறந்த 100 குழந்தைகள், மூளை வளர்ச்சி குன்றிய 100 குழந்தைகள் ஆகியோரின் பிறப்பு விவரங்களிலிருந்து ஜாதகம் கணித்து, ஆளுக்கு நாற்பதாக ஜோதிடர்களிடம் கொடுத்தார். எந்தக் குழந்தை எந்த வகை என்று சொல்ல வேண்டும். பதில் அனுப்பியவர்கள் 27 பேர். சரியாக வந்தவை 46 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலே பாதி சரியாக வந்திருக்கும்.

அப்படியானால் குறி சொல்வதையே தடுத்துவிடலாமா? எனக்கு அதில் சம்மதமில்லை. ஒரு மணி நேரம் குறுக்கே பேசாமல் காது கொடுத்துக் கேட்க வீட்டில் ஆளில்லாதவர்கள்தான் இந்த வாசல்களில் அதிகம். அந்தக் கவனிப்புக்கு ஒரு மதிப்பு உண்டு. அதற்குக் கூலி வாங்குவதும் தப்பில்லை. சட்டம் கைவைக்கும் இடமும் விசித்திரமாகத்தான் இருக்கிறது. 2024 ஏப்ரலில், ஒரு வேட்பாளர் ஜெயிப்பார் என்று கடலூரில் கிளி ஜோசியம் சொன்னவரை வனத்துறை பிடித்து எச்சரித்து அனுப்பியது. குற்றம், 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்படி கிளியைக் கூண்டில் வைத்தது. கிளி விடுதலையானதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் பரிகாரத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்களிடம் கூண்டு இல்லை என்பதால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

கேட்டுத் தெரிந்துகொண்டதை ஓலை சொன்னது, சீட்டு சொன்னது என்று வேறொரு அதிகாரத்தின் பெயரில் திருப்பித் தரும்போதுதான் தவறு தொடங்குகிறது என்று நினைக்கிறேன். அந்த அதிகாரத்தைக் கட்டியெழுப்பியது நம் தலையாட்டல்தான் என்பது நமக்குத் தெரியாது. அதனால்தான் அடுத்து வரும் பேச்சு எடுபடுகிறது. நாடிப் பலன்கள் காண்டம் என்ற பிரிவுகளாக வரும். அதில் பதின்மூன்றாவது சாந்தி காண்டம்: முற்பிறவிப் பாவம், அதற்குப் பரிகாரம், அதற்குச் செலவு. அப்பா பெயரையே சொன்ன ஓலை பாவத்தையும் சொன்னால் யார் மறுப்பார்? இன்னொரு கெடுதல், அங்கே இல்லாதவரைப் பற்றிப் பேசுவது. "உங்க வீட்டுக்காரர் மனசு வேற எங்கேயோ இருக்கு" என்று டாரோ சீட்டைக் காட்டிச் சொல்லும்போது, இல்லை என்று மறுக்க அந்த மனிதர் அங்கே இல்லை. ஒரு குடும்பத்துக்குள் சந்தேகம் நுழைய அந்த ஒரு வாக்கியம் போதும்.

நேர்மையாக இந்தத் தொழிலைச் செய்ய விரும்புகிறவர், முதல் கேள்வியிலிருந்தே ஒலிப்பதிவு செய்து கையில் கொடுக்கலாம். "நீங்க சொன்னதை வச்சுத்தான் சொல்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னால் வருகிறவர் குறைவார்கள் என்ற பயம் எனக்கு நியாயமாகப் படவில்லை. மனம் விட்டுப் பேசுவதற்காக வருகிறவர்கள் அப்போதும் வருவார்கள்.

நாடியில் நோய்க்கென்றே ஆறாவது காண்டம் இருக்கிறது. இது எனக்கு மிகவும் கவலை தரும் இடம். தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். டாக்டர் சௌரி முத்து 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக அங்கே இயங்குகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையில் அதற்குக் காசில்லை, மருந்துக்கும் காசில்லை. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட்டால் குணமாகும். நடுவில் நிறுத்தினால் கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாகிவிடலாம். ஒருவரின் முகத்தையும் மூச்சையும் இவ்வளவு கூர்ந்து கவனிக்கத் தெரிந்தவர், எதிரே இருமுகிறவரிடம் ஓலையைப் பிரிப்பதற்கு முன் இந்த மருத்துவமனைக்கு வழி சொல்லி அனுப்ப வேண்டும். பரிகாரப் பேச்சை அன்று எடுக்கவே கூடாது.