முதியோரின் நீர்த்தடையும் மூலிகை மாத்திரைகளும்

ஐம்பது வயதைக் கடந்த ஆண்களுள் பலர் இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகின்றனர். சிறுநீர் உடனே வருவதில்லை. நின்று காத்திருக்க வேண்டியுள்ளது. வந்தாலும் மெலிந்து, விட்டுவிட்டு வருகிறது. கழித்து முடித்த பின்னும் மீதி இருப்பது போன்ற உணர்வு நீங்குவதில்லை. "வயதானால் இப்படித்தான்" என்று வெளியில் சொல்லக் கூச்சப்பட்டுப் பலர் இருந்துவிடுகின்றனர். வேறு சிலர் விளம்பரங்களைப் பார்த்து, மருத்துவரிடம் காட்டாமலேயே மூலிகை மாத்திரைகளை வாங்கி மாதக்கணக்கில் உண்கின்றனர்.

இம்மாத்திரைகளில் சேர்க்கப்படும் தாவரங்கள் எவை, அவற்றால் கிடைக்கும் பயன் எவ்வளவு, அவற்றை வாங்கும் முன் செய்ய வேண்டியது என்ன என்பவற்றை உழவர் பெருமக்கள் அறிந்திருப்பது அவசியம்.

புராஸ்டேட் சுரப்பி

ஆண்களின் சிறுநீர்ப்பைக்கு அடியில், சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அமைந்துள்ள சுரப்பியே புராஸ்டேட் ஆகும். விந்துடன் கலக்கும் திரவத்தின் ஒரு பகுதியை இது சுரக்கிறது. இளம் வயதில் இதன் எடை ஏறக்குறைய 20 கிராம். வயது ஏற ஏற, ஆண் ஹார்மோனின் தூண்டுதலால் இச்சுரப்பி பருக்கிறது. ஐம்பது முதல் அறுபது வயதுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும், எண்பதைக் கடந்தோரில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் இவ்வளர்ச்சி காணப்படுகிறது. இது புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் இல்லை.

மடையில் மண் சரிந்தால் என்ன ஆகும் என்பது உழவர்களுக்குத் தெரியும். நீர் குறைவாகப் பாயும், மேற்புறம் தேங்கும், நாளாக ஆகக் கரை பலவீனமடையும். உடலிலும் அவ்வாறே நடக்கிறது. பருத்த சுரப்பி குழாயை நெருக்கும்போது, சிறுநீர்ப்பை அதிக விசையுடன் அழுத்த வேண்டியுள்ளது. நாளடைவில் அதன் தசை தளர்ந்து, சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் தங்குகிறது. தங்கிய நீரில் கிருமிகள் பெருகுகின்றன, கற்கள் உண்டாகின்றன. முற்றிய நிலையில் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகங்களையே பழுதாக்கலாம். இப்பாதிப்பு பெரும்பாலும் வலியின்றி ஏற்படுவதால் நோயாளி அறியாமலேயே இருந்துவிடுகிறார்.

ஒரே அறிகுறி, பல காரணங்கள்

நெற்பயிர் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். துத்தநாகக் குறைவாக இருக்கலாம். வடிகால் இன்மையாலும் இருக்கலாம். நச்சுயிரி நோயாகவும் இருக்கலாம். காரணம் அறியாமல் யூரியா இடுவது பணத்தையும் பருவத்தையும் வீணாக்கும்.

இரவில் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் அத்தகைய அறிகுறியே. நீரிழிவு நோய், சிறுநீர்த்தாரைத் தொற்று, சிறுநீர்ப்பைக் கல், இரத்த அழுத்தத்துக்காக உண்ணும் சில மாத்திரைகள், இதய நோயால் காலில் சேர்ந்த நீர் ஆகிய எதுவும் காரணமாக இருக்கலாம். சிலருக்குப் புராஸ்டேட் புற்றுநோயும் இருக்கலாம். புற்றுநோய் தொடக்க நிலையில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. தொடக்கத்தில் கண்டறிந்தால் குணப்படுத்த நல்ல வாய்ப்பு உண்டு. எலும்புக்குப் பரவிய பின் அவ்வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

எனவே முதலில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனை, இரத்தத்தில் சர்க்கரை, சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவு, வயிற்று ஸ்கேன் ஆகியவை முக்கியமானவை. சிறுநீர் கழித்த பின் எவ்வளவு நீர் உள்ளே தங்குகிறது என்பதை ஸ்கேன் காட்டிவிடும். மருத்துவர் ஆசனவாய் வழியாக விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார். இதற்கு ஒரு நிமிடமே ஆகும், கூச்சப்படத் தேவையில்லை. தேவையானால் பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையும் செய்யப்படும். இதன் அளவு சாதாரண வீக்கத்திலும் தொற்றிலும்கூட உயரும் என்பதால், உயர்ந்தவுடன் புற்றுநோய் என்று அஞ்சிவிடக் கூடாது.

மாத்திரைகளில் உள்ள தாவரங்கள்

1. சா பால்மெட்டோ: அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில், குறிப்பாகப் புளோரிடா மாநிலத்தில், புதர்போல் வளரும் குட்டைப் பனை. மட்டையின் ஓரம் இரம்பம் போன்ற முட்கள் கொண்டது. இதன் பழுத்த கரிய பழங்களிலிருந்து எடுக்கப்படும் எண்ணெய்ச் சாறே உலகில் புராஸ்டேட்டுக்காக மிகுதியாக விற்கப்படும் தாவரப் பொருளாகும். சுரப்பியைப் பருக்கச் செய்யும் ஹார்மோன் மாற்றத்தை இது தடுக்கும் என ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியமையால் நம்பிக்கை பிறந்தது. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் இது மருந்தாகவே பதிவு பெற்றுள்ளது.

2. பைஜியம்: ஆப்பிரிக்க மலைக்காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பட்டை. கேமரூன், மடகாஸ்கர் போன்ற நாடுகளிலிருந்து ஏற்றுமதியாகிறது. பட்டையை முழுச்சுற்றாக உரித்ததால் மரங்கள் பட்டுப்போயின. ஆகவே 1995 முதல் இதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. சிறிய, குறுகிய கால ஆய்வுகளில் ஓரளவு நிவாரணம் தெரிந்தது. நீண்ட கால ஆய்வுகள் போதுமான அளவில் இல்லை.

3. பீட்டா சிட்டோஸ்டிரால்: எள், நிலக்கடலை, அரிசித் தவிட்டு எண்ணெய் முதலிய பல தாவரப் பொருள்களில் இயற்கையாகவே உள்ள கொழுப்பு வகைப் பொருள். 1995-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் 200 பேர் ஆறு மாதம் கண்காணிக்கப்பட்டனர். இதனை உண்டோருக்குச் சிறுநீரின் வேகம் கூடியது; தொல்லை குறைந்தது. ஆனால் சுரப்பியின் அளவு குறையவில்லை.

4. பரங்கி விதை: ஜெர்மனியில் 1,400-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் ஓராண்டுக் காலம் இது சோதிக்கப்பட்டது. விதையின் சாறு அடைத்த மாத்திரை வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. விதையையே வேளைக்கு 5 கிராம் வீதம் நாளைக்கு இருவேளை உண்டவர்களிடம் சிறிதளவு கூடுதல் நிவாரணம் காணப்பட்டது.

5. நெருஞ்சில்: நம் நாட்டு மருத்துவத்தில் நீரடைப்புக்கும் கல்லடைப்புக்கும் தொன்றுதொட்டு வழங்கிவருவது, சிறுநீரைப் பெருக்கும் எனக் கருதப்படுவது. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மடை அடைத்திருக்கையில் மேலே மேலே தண்ணீரைத் திறந்துவிட்டால் கரைதான் உடையும். சுரப்பி குழாயை நெருக்கி, நீர் தங்கும் நிலையில் சிறுநீரைப் பெருக்கும் எந்தப் பொருளும் முழு அடைப்பை உண்டாக்கக் கூடும். எனவே தகுதி பெற்ற சித்த மருத்துவரின் மேற்பார்வையின்றி இதனைக் கொதிக்கவைத்துக் குடித்துவருவது நல்லதன்று.

ஒப்பீட்டுப் பாத்தி காட்டிய உண்மை

ஒரு புதிய உரத்தைச் சோதிக்கும்போது, உரமிடாத ஒரு பாத்தியையும் பக்கத்திலேயே விட்டுவைக்கிறோம். ஏனெனில், உரமிட்ட மறுநாள் மழை பெய்து பயிர் செழித்தால் அது உரத்தாலா, மழையாலா என்று கூற இயலாது. மருந்துக்கும் இதே முறைதான். ஒரு குழுவினருக்கு உண்மை மாத்திரையும், மறு குழுவினருக்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரையும் தரப்படுகின்றன. யாருக்கு எது என்பது முடியும் வரை தெரிவிக்கப்படுவதில்லை.

புராஸ்டேட் தொல்லை தானாகவே சில மாதங்கள் கூடும். சில மாதங்கள் குறையும். மருந்து உண்கிறோம் என்ற நம்பிக்கையும் ஆறுதல் அளிக்கும். ஆகவே இதில் ஒப்பீடு மிகமிக முக்கியம்.

சா பால்மெட்டோ இவ்வாறு நன்கு சோதிக்கப்பட்டது. அமெரிக்காவில் 225 பேரிடம் ஓராண்டு நடத்தி 2006-இல் வெளியிடப்பட்ட ஆய்வில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு தென்படவில்லை. அளவு போதவில்லையோ என்ற ஐயத்தைப் போக்க, அமெரிக்காவிலும் கனடாவிலும் 369 பேருக்கு, அளவை மூன்று மடங்கு வரை உயர்த்தி, 72 வாரம் கொடுத்துப் பார்த்தனர். இதன் முடிவு 2011-இல் வெளியாயிற்று. 35 மதிப்பெண் கொண்ட தொல்லை அளவுகோலில், சாறு உண்டவர்களுக்குச் சுமார் 2 மதிப்பெண் குறைந்தது. வெற்று மாத்திரை உண்டவர்களுக்கோ சுமார் 3 மதிப்பெண் குறைந்தது! அதாவது இரண்டு பாத்தியும் ஒன்றுபோலவே விளைந்தன. "எனக்குக் குணம் தெரிந்தது" என்று கூறுபவர் பொய் சொல்வதில்லை. ஆனால் அக்குணம் மாத்திரையால் வந்தது என்பதற்கு அது சான்றாகாது.

தாவரப் பொருள் என்றால் தீங்கு இல்லையா?

"மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்று எண்ணுவது தவறு. எட்டு மூலிகைகள் சேர்ந்ததெனப் புராஸ்டேட் நோயாளிகளுக்காக அமெரிக்காவில் விற்கப்பட்ட ஒரு மாத்திரையில், பெண் ஹார்மோன் போன்ற செயற்கை மருந்தும், இரத்தத்தை உறையவிடாத மருந்தும் கலந்திருப்பது கண்டறியப்பட்டு, 2002-இல் அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

இத்தகைய மாத்திரைகளுடன் வைட்டமின் 'ஈ'யும் செலினியமும் சேர்க்கப்படுவதுண்டு. இவை புற்றுநோயைத் தடுக்குமா என அறிய 2001 முதல் 35,000-க்கும் மேற்பட்டோரிடம் பெரும் ஆய்வு நடந்தது. தடுக்கவில்லை. வைட்டமின் 'ஈ' மட்டும் மிகுந்த அளவில் உண்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடுதலாக ஏற்பட்டது என 2011-இல் தெரியவந்தது.

கவனிக்க வேண்டியவை

1. எந்த மூலிகை மாத்திரை உண்டாலும் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். இதய நோய்க்காக ஆஸ்பிரின் முதலிய மருந்து உண்பவர்களும், அறுவை சிகிச்சைக்குச் செல்பவர்களும் கட்டாயம் கூற வேண்டும்.

2. பரங்கி விதையை உணவாக உண்பதில் தவறில்லை. வீட்டில் பழுத்த பரங்கியின் விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, இளவறுப்பாக வறுத்து உண்ணலாம். விதைப்பதற்காக வாங்கிய விதையை ஒருபோதும் உண்ணக் கூடாது. அதில் பூசணக்கொல்லி மருந்து கலக்கப்பட்டிருக்கும்.

3. மாலைக்குப் பின் தேநீர், காப்பி அருந்துவதைக் குறையுங்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகத் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் பகலில், வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீரைக் குறைக்கவே கூடாது; கல் உண்டாகும்.

4. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் தாமாகவே வாங்கி உண்ணும் சில மாத்திரைகள் சிறுநீரை முழுவதும் அடைத்துவிடக் கூடும். மது அருந்துவதும் தவிர்க்கப்பட வேண்டும். மலச்சிக்கல் ஏற்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. சிறுநீர் கழித்த பின் ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் முயன்றால் தங்கிய நீர் ஓரளவு வெளியேறும்.

6. இரவில் இருட்டில் கொல்லைக்குச் செல்லும் முதியோர் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதும், பாம்பை மிதித்துவிடுவதும் உண்டு. படுக்கையருகே டார்ச் விளக்கும், சிறுநீர் கழிக்க ஒரு கலமும் இருக்கட்டும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

சிறுநீர் அறவே வராமல் அடிவயிறு உப்பி வலித்தல், சிறுநீரில் இரத்தம், குளிருடன் காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், நீங்காத முதுகெலும்பு வலி ஆகியவை கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ஆடை நனையும்படி சொட்டுச் சொட்டாக ஓயாமல் கசிவதும் ஆபத்தின் அறிகுறியே. "நீர் போய்க்கொண்டுதானே இருக்கிறது" என்று சிலர் எண்ணுகின்றனர். அது நிரம்பிய ஏரி வழிவதைப் போன்றது; சிறுநீர்ப்பை காலியாகவில்லை என்பதே அதன் பொருள்.

உறுதியான சிகிச்சை உண்டு

குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் போன்ற மருந்துகள் சில நாள்களிலேயே குணம் தருகின்றன. இவற்றை உண்பவர்கள் படுக்கையிலிருந்து சட்டென எழக் கூடாது, தலைசுற்றல் வரும். பெரிதும் பருத்த சுரப்பியைச் சுருக்க பினாஸ்டிரைடு போன்ற மருந்துகள் உள்ளன. இவற்றின் முழுப் பயனை அறிய ஆறு மாதங்களாவது ஆகும். மருந்துக்கு அடங்காதபோது, வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்தி அடைப்பை நீக்கலாம். தொல்லை சிறிதாக இருந்து, பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லையெனில், மருந்தின்றி ஆண்டுக்கொரு முறை சோதித்துவந்தாலே போதும்.

பரிசோதனை முடிந்து, ஆபத்து இல்லை என்று தெரிந்த பின், மருத்துவருக்குச் சொல்லிவிட்டு ஒருவர் மூலிகை மாத்திரை உண்ண விரும்பினால் அது அவர் விருப்பம். பரிசோதனைக்குப் பதிலாக அதனை உண்பதே கேடு விளைவிக்கும். மாத்திரை விலையைக் காட்டிலும் பெரிய இழப்பு, அதை நம்பிக் கழித்த மாதங்களே. மண்ணைச் சோதித்து உரமிடும் உழவர்கள், ஐம்பது வயதுக்கு மேல் தங்கள் உடலையும் சோதித்துப் பார்த்து மருந்துண்ண வேண்டும். இத்தொல்லை உள்ளவர்கள் கூச்சத்தை விட்டு, அருகிலுள்ள அரசு மருத்துவமனையை இம்மாதமே அணுகி நலம் பெறுமாறு கேட்டுக்கொள்கிறோம்.