சப்ரகமுவத் தோட்டங்களின் பழைய குடும்பங்கள்: ஏட்டில் ஏறாத வரலாறு

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களை உள்ளடக்கிய சப்ரகமுவ மாகாணத்தின் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களில், ஒரு குடும்பம் தமிழகத்தின் எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தக் கங்காணியின் கீழ்ப் பேர் பதிந்தது, எந்த லயத்துக் காம்பிராவில் முதலில் குடியேறியது என்பனவற்றுக்குப் பெரும்பாலும் முதியோரின் நினைவே சான்றாக நிற்கிறது. லயம் என்பது தொழிலாளர் குடியிருப்பு வரிசை. காம்பிரா என்பது அதில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்ட அறை.

பழைய குடும்பங்கள் என்றதும் ஆள் திரட்டி வந்து மேற்பார்த்த பெரிய கங்காணிகளின் பரம்பரையே முன்னிறுத்தப்படுகிறது. கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் தோட்டத்தை வாழவைத்தவர்களோ, தொழிலாளி வேறு தோட்டத்துக்கு மாறும்போது அவரது கடனைக் குறித்துக் கொடுத்த ‘துண்டு’ என்னும் சீட்டில் கடனாளிகளாக மட்டுமே பதிவாயினர். அம்முறை 1921 இல் சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும் அவர்களின் குடும்ப வரலாற்றை எழுத முற்பட்டோர் அரியர்.

அந்தக் குறையின் விலை பெரிது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949 இன் சட்டப்படி விண்ணப்பித்தோர் தொடர்ச்சியான வதிவை நிறுவ வேண்டியிருந்தபோது, பத்திரமற்ற குடும்பங்கள் தம் சொந்த வாழ்வையே மெய்ப்பிக்க இயலாமல் தவித்தன. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென 1964 இல் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அண்ணனைத் தமிழகத்துக்கு அனுப்பித் தம்பியை லயத்தில் நிறுத்தியது. 1977 இலும் 1981 இலும் நிகழ்ந்த வன்செயல்கள் எஞ்சியோரில் பலரை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் துரத்தின. இவ்வாறு ஒரே குடும்பத்தின் நினைவு மூன்று இடங்களில் துண்டுபட்டுக் கிடக்கிறது.

பழையதைக் கிளறினால் சாதி வேற்றுமையும் கங்காணிக் காலக் கசப்பும் மீளும் என்போரும் உளர். எனினும் மௌனம் அவற்றை ஆற்றியதில்லை.

இன்றைய பெருங்கவலை மொழியைப் பற்றியது. அருகில் தமிழ்ப் பாடசாலை இல்லாமையால் இம்மாகாணத்தில் பல பிள்ளைகள் சிங்கள மொழிமூலம் கற்கின்றனர். அதில் பிழையில்லை, ஆனால் பாட்டி தமிழில் சொல்வதைத் தமிழில் எழுதிவைக்கக்கூடிய பேரப்பிள்ளைகள் ஆண்டுதோறும் குறைகின்றனர். இத்தகைய பதிவை மாணவரைக் கொண்டே செய்ததற்கு முன்மாதிரி உண்டு: அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளின் மாணவர்கள், தத்தம் ஊர் முதியோரிடம் கேட்டறிந்த மரபுச் செய்திகளைக் குறிப்பேடுகளில் எழுதினர். அவை இன்று அந்நாட்டின் தேசியச் சேகரமாக விளங்குகின்றன.

இரத்தினபுரி, கேகாலைத் தமிழ்ப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் இதே பணியை இவ்வாண்டே தொடங்க வேண்டும். தோட்டத்துக்கு ஒரு குறிப்பேடும் கேட்க மனமுள்ள ஒரு மாணவரும் இருந்தாலே அதற்குப் போதும்.